உப்புக்குள்ளே மூலக்கூறு இல்லை!

சாப்பாட்டு உப்புக்கு ஃபார்முலா என்னன்னு யாரைக் கேட்டாலும், சோடியம் ஒண்ணு, குளோரின் ஒண்ணுன்னு பட்டுனு சொல்லிடுவாங்க. அப்போ இந்த ரெண்டும் ஜோடி போட்டுக்கிட்டு நிக்கிற மூலக்கூறு உப்புக்கல்லுக்குள்ளே இருக்கணும் இல்லையா? கிடையாது. இதை 1913ல காட்டினது ஒரு 23 வயசுப் பையன். அதை ஜீரணிக்க முடியாத ஒரு தாத்தா 1927லயும் கொதிச்சுக்கிட்டுதான் இருந்தார்.

1912ல மியூனிக்கில் லாவே என்பவர் சொன்ன யோசனைப்படி, ஃபிரீட்ரிக், நிப்பிங் என்ற இருவர் படிகம் ஒன்றின் வழியாக எக்ஸ்-ரேயைச் செலுத்தினார்கள். பின்னால் வைத்த ஃபோட்டோ தகட்டில் மார்கழி மாசக் கோலம் மாதிரி புள்ளி புள்ளியாக விழுந்தது. எக்ஸ்-ரே அலைதான் என்பதற்கு அது சாட்சி. இங்கிலாந்தில், லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹென்றி பிராக்குக்கு இது நெருடல். அவர் பல வருஷமாக எக்ஸ்-ரே என்பது துகள் என்று வாதாடியவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த மகன் லாரன்ஸும் முதலில் அப்பா கட்சிதான். ஆனா கேம் ஆற்றங்கரையில் நடந்து போகும்போது பையனுக்குப் பொறி தட்டிடுச்சு. படிகத்துக்குள் இருக்கும் அணு அடுக்குகள் கண்ணாடி போல அலையைத் திருப்பி அனுப்புகின்றன என்று வைத்துக்கொண்டால் புள்ளிகள் எல்லாம் கணக்குக்கு வந்துவிடும்! 1912 நவம்பரில் கட்டுரை வாசிக்கப்பட்டது. இன்றைக்கும் பிளஸ் டூ பசங்க மனப்பாடம் பண்ணும் பிராக் விதி அதுதான்.

அடுத்தது உப்பு. கேம்பிரிட்ஜ் வேதியியல் பேராசிரியர் போப், இந்த மாதிரி எளிய உப்புகளை எடுத்துப் பாருன்னு சொல்லி படிகங்களும் கொடுத்தார். இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச துப்பறியும் வேலை வருது. சாதா உப்பும் பொட்டாசியம் குளோரைடும் ஒரே குடும்பம், வெளித்தோற்றமும் ஒரே கனசதுரம். ஆனா எக்ஸ்-ரே படம் வேற வேற. பொட்டாசியம் குளோரைடு எளிமையான கனசதுர அடுக்கு மாதிரி தெரிஞ்சுது; சோடியம் குளோரைடு அப்படி இல்லை. ஏன்?

ஒரு சதுரங்கப் பலகையை எடுத்துக்குங்க. கறுப்பு, வெள்ளை ரெண்டுக்கும் ஒரே சாம்பல் நிறம் அடிச்சுட்டா, ஒவ்வொரு கட்டமும் ஒரே மாதிரி தெரியும். அந்தக் கதைதான். எக்ஸ்-ரே சிதறுவது எலக்ட்ரான்களால். பொட்டாசியத்துக்கு 19, குளோரினுக்கு 17. ஒண்ணைக் கொடுத்து வாங்கின பிறகு ரெண்டுக்கும் 18. எக்ஸ்-ரே கண்ணுக்கு ரெட்டைப் பிறவிகள். சோடியம் அயனிக்கோ 10தான், அதனால் வித்தியாசம் தெரிஞ்சிடுது. (லாரன்ஸ் அன்னைக்கு அணு எடையை வெச்சுதான் ஊகிச்சார், விடை அதேதான்.) ஆக, முப்பரிமாணச் சதுரங்கம்: ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். யாருக்கு யார் ஜோடின்னு கேட்டா பதிலே இல்லை.

இடைவெளியையும் கணக்குப் போட்டுடலாம். உப்பின் அடர்த்தி 2.165, ஃபார்முலா எடை 58.44, கூடவே அவகாட்ரோ எண். கால்குலேட்டரில் தட்டிப் பாருங்க, பக்கத்து அணுக்களுக்கு நடுவே 2.82 ஆங்ஸ்ட்ராம் வரும். இது தெரிஞ்ச பிறகு எக்ஸ்-ரேயின் அலைநீளத்தையே அளக்க முடிஞ்சுது.

1915ல அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்த்து நோபல். அப்போ லாரன்ஸ் போர்முனையில், எதிரியின் பீரங்கி எங்கே இருக்குன்னு சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். தம்பி ராபர்ட் அதே வருஷம் கலிப்போலியில் செத்துப் போயிருந்தார். போதாக்குறைக்கு, எல்லாம் அப்பா மூளைதான்னு ஊரில் பேச்சு. நுட்பமான அளவுகளுக்கான கருவி அப்பாவுடையது, விதி மகனுடையது என்பதே நிஜம்.

இப்போ அந்தத் தாத்தா. ஹென்றி ஆம்ஸ்ட்ராங், பழுத்த வேதியியலாளர், அயனிக் கொள்கையே பிடிக்காதவர். 1927ல 79 வயசில் நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதினார். சதுரங்கப் பலகை மாதிரி உப்பா, இது வேதியியலே இல்லை என்று ஒரே திட்டு. வேடிக்கை என்னன்னா, வில்லியம் பார்லோ என்ற அமெச்சூர் ஆசாமி 1883லயே, எக்ஸ்-ரே கண்டுபிடிக்கும் முன்னாலேயே, இதே சதுரங்க அடுக்கை வெறும் ஊகத்தில் வரைந்திருந்தார். அது வெளிவந்ததும் அதே நேச்சரில்தான் :-)

சீசியம் குளோரைடில் ஆறு பேருக்குப் பதில் எட்டுப் பேர் சூழ்ந்து நிற்கிற கதையை இன்னொரு நாள் எழுதுறேன்.