ஆலங்குளத்தை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

ஆலங்குளம்னு இணையத்தில் தேடினா முதலில் வந்து நிற்பது தென்காசி மாவட்டத்து ஆலங்குளம்தான். நான் சொல்றது அதை இல்ல. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். இந்தக் கரிசல் பக்கத்துக்குப் பழைய புத்தகங்களில் என்ன இருக்குன்னு கொஞ்ச நாளாகத் தேடிக்கிட்டு இருக்கேன். அப்படித் தேடும்போது கையில் அகப்பட்ட சில புத்தகங்களைப் பற்றிய குறிப்பு இது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். 'விருதுநகர் மாவட்டம்'னு தேடினா பழைய புத்தகம் ஒண்ணும் கிடைக்காது. ஏன்னா அந்த மாவட்டமே 1985ல் பிறந்தது. அதற்கு முன் இது ராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டம் 1910ல் மதுரை, திருநெல்வேலி இரண்டிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து உண்டாக்கப்பட்டது. சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலிச் சீமை. ஆக, நம்ம ஊரின் 19ஆம் நூற்றாண்டு முழுக்க, ஆங்கிலேயர் 'டின்னெவெல்லி' என்று எழுதி வைத்த புத்தகங்களுக்குள்தான் கிடக்கிறது. அப்போது இரண்டு ஆலங்குளமும் ஒரே மாவட்டம் வேற! பழைய பதிவில் ஆலங்குளம்னு பேர் வந்தால் தாலுகாவைப் பார்க்காமல் முடிவுக்கு வந்துடக் கூடாது.

டின்னெவெல்லி என்று தேட ஆரம்பித்தால் மூன்று வகைப் புத்தகங்கள் வந்து விழுகின்றன: சரித்திரம், மிஷன், சட்டம். மூன்றும் ஒரே மண்ணைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் மூன்றிலும் நம்ம ஆட்கள் வெவ்வேறு ஆட்களாகத் தெரிகிறார்கள்.

சரித்திரத்தில் முக்கியமானது ராபர்ட் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி மாவட்ட வரலாறு. 1881ல் சென்னை அரசாங்க அச்சகத்தில் அச்சானது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ல் எழுதிய அதே கால்டுவெல்தான். இடையன்குடியில் 1841லிருந்து ஊழியம் செய்த பாதிரியார், 1877ல் பிஷப் ஆனவர். புத்தகம் பழங்காலத்தில் தொடங்கி, 1801ல் சீமை கம்பெனி கைக்குப் போவதோடு முடிகிறது. நெல்கட்டும்செவல் பூலித்தேவன், 1764ல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிப் யூசுப்கான், பாஞ்சாலங்குறிச்சி என்று பாளையக்காரர் காலம் விரிவாக வருது. ஆனால் இதில் ஆட்கள் என்றால் படை வைத்திருந்தவர்கள்தான். உழுதவன், பனையேறினவன், கிணறு வெட்டினவன் யாரும் பேரோடு வருவதில்லை.

அதே 1881லேயே கால்டுவெல் இன்னொரு புத்தகமும் எழுதியிருக்கிறார். அது திருநெல்வேலி மிஷனின் ஆரம்பகால வரலாறு. இதுதான் எனக்கு ஆச்சரியமா இருந்தது. ஒரே ஆள், ஒரே வருஷம், ஒரே சீமை. ஒன்றில் அரசியல், இன்னொன்றில் சபை.

மிஷன் புத்தகங்களில் நம்ம பக்கத்துக்கு நேராக வருவது தாமஸ் ராக்லண்ட் கதை. கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோவாக இருந்தவர். திருநெல்வேலியின் தெற்கே சபைகள் நிறைய இருக்க, வடக்கே வெகு சிலரே கிறிஸ்தவர்களாக இருந்தார்கள். 1854ல் இவரும் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு தோழர்களும் பங்களா கட்டி உட்காராமல், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடக்கும் ஊழியத்தைத் தொடங்கினார்கள். 1858ல் சிவகாசியிலேயே ராக்லண்ட் இறந்துபோனார். பெரோன் என்பவர் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு 1861ல் லண்டனில் வந்தது. நான் மத நம்பிக்கைக்காக இதைப் படிக்கல. பாதை, குடிதண்ணீர், காய்ச்சல், சந்தை என்று அரசாங்கப் புத்தகத்தில் வராத சங்கதிகள் இந்த மாதிரிக் கடிதங்களில்தான் வரும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இவை காணிக்கை கொடுக்கும் இங்கிலாந்து வாசகருக்காக எழுதப்பட்டவை. அங்கே நம்ம ஆள் ஒன்று மனந்திரும்பியவன், இல்லை என்றால் இன்னும் திரும்பாதவன்.

'எங்களைப் பற்றி நீ என்ன எழுதுறே?' என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நாடார்களைப் பற்றி 1849ல் கால்டுவெல் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர்களைத் தாழ்த்திச் சொன்னது பெரிய மனக்கசப்பை உண்டாக்கியது. மறுத்து எழுதியவர்களில் கிறிஸ்தவ நாடார்களும் உண்டு. நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம், 1857ல் வெள்ளைக்காரர் தயவு இல்லாத தனிச் சபையையே தொடங்கிவிட்டார். ஞாயிறு அல்ல, சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்பது அந்தச் சபையின் வழக்கம். கிறிஸ்தவச் சிந்தனை என்றாலே சீமையிலிருந்து இறங்கியது என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு ஆளைப் படித்தால் போதும்.

மூன்றாவது வகை, சட்டப் புத்தகம். வக்கீல் வீட்டு அலமாரியில் தடித்தடியாக நிற்கும் தீர்ப்புத் தொகுதிகளை வரலாறாக யாரும் படிப்பதில்லை. படிக்கணும். கமுதி கோயில் வழக்கை எடுத்துக்குங்க. 1897 மே மாதம் நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் போனார்கள். கோயிலின் தர்மகர்த்தாவான ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். 1899ல் மதுரையில் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. அதே 1899ல்தான் சிவகாசிக் கலவரமும். வழக்கு உயர் நீதிமன்றம் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் அங்கேயும் தோற்றது. இடையில் 1903ல் பாஸ்கர சேதுபதி இறந்துவிட்டதால், கடைசித் தீர்ப்பு அவர் வாரிசின் பெயரில் இருக்கு. பாஸ்கர சேதுபதி பெயரில் மட்டும் தேடினால் சிக்காது.

நீதிமன்றம் கேட்டது 'இது நியாயமா?' என்று இல்ல. 'வழக்கம் என்ன?' என்றுதான் கேட்டது. வழக்கமே அநியாயமாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்தத் தீர்ப்பில் இடம் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சட்டசபையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட சமூகத்தாரும் நாடார் ஒருவரும் நுழைந்தார்கள். அதை ஒட்டித்தான் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது.

இந்த மூன்று வகையும் ஒரே மேசையில் சேர்ந்தது யாரிடம் என்று கேட்டால், மாயூரம் வேதநாயகம் பிள்ளையைச் சொல்வேன். கத்தோலிக்கர், மாவட்ட முன்சீப். நாவல் எழுதினவராகத்தான் அவரை நமக்குத் தெரியும், 1879ல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால். ஆனால் 1862லேயே நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று கொண்டுவந்தார். வழக்காடுகிறவனுக்குத் தன் வழக்கு புரியணும் என்ற எண்ணம் அன்றைக்கே ஒரு தமிழருக்கு இருந்திருக்கு. இன்றைக்கும் அது முழுசாக நடக்கல.

சரித்திரப் புத்தகத்தில் நம்ம ஆள் குடியானவன். மிஷன் புத்தகத்தில் ஆத்துமா. சட்டப் புத்தகத்தில் வாதி அல்லது பிரதிவாதி. ஒன்றை மட்டும் படித்தால் அதுதான் அவன் என்று நம்பிவிடுவோம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான், மூன்றிலும் விட்டுப்போனது எதுன்னு கண்ணுக்குத் தெரிகிறது.

விட்டுப்போனது பல நேரம் நம்ம வீட்டுப் பரணிலேயே இருக்கும். பழைய கிரயப் பத்திரம், கோர்ட்டு நகல், சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, கரையான் அரித்த கணக்கு நோட்டு. ஆலங்குளம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய காகிதத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். கால்டுவெல் எழுதாத வரலாறு அதில் இருக்கலாம்.