அப்ரண்டிஸ் பிறந்த கதை

"பையன் ஐ.டி.ஐ. முடிச்சுட்டு அப்ரண்டிஸ் போயிருக்கான்." சென்னைக்கு மேற்கே வேலப்பன்சாவடி, திருவேற்காடு, அயனம்பாக்கம் பக்கம் இந்தப் பேச்சு காதில் விழாத தெரு குறைவு. வடக்கே போனால் அம்பத்தூர் எஸ்டேட், அதற்கப்பால் ஆவடி. மேற்கே பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். நாலா பக்கமும் ஆலைகள் உள்ள ஊரில், பள்ளி முடித்த பிள்ளைக்கும் ஆலை வாசலுக்கும் நடுவே இருக்கும் படிக்கட்டு இந்த அப்ரண்டிஸ் பயிற்சிதான். படிக்கட்டின் ஒரு பாதியை அரசாங்கம் கட்டியது. மறு பாதியை ஆலைகள் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. அது நடந்த விதம் ஒரு நெடுங்கதை.

இந்தியாவில் அப்ரண்டிஸ் பற்றிய முதல் சட்டம் 1850-ல் வந்தது. தர்மப் பணத்தில் வளரும் அனாதைக் குழந்தைகளையும் ஏழைக் குழந்தைகளையும் ஒரு தொழிலாளியிடம் ஒப்படைத்துக் கைத்தொழில் கற்க வைப்பது அதன் நோக்கம். தொழில் படிப்பு என்றாலே கதியற்றவர்களுக்கானது என்ற எண்ணம் அந்தச் சட்டத்திலேயே ஊறியிருந்தது. அந்த எண்ணத்தை உடைத்தது இரண்டாம் உலகப் போர்.

போர்த் தளவாடம் செய்யும் ஆலைகளுக்கும் ராணுவத்துக்கும் ஃபிட்டர், டர்னர், வெல்டர் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். நாட்டில் அத்தனை பேர் இல்லை. 1940-ல் இந்திய அரசின் தொழிலாளர் துறை தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1941 முதல் இந்தியத் தொழிலாளிகள் சிலர் இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டு அங்குள்ள அரசுப் பயிற்சி மையங்களிலும் ஆலைகளிலும் பழகினார்கள். அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் அது பெவின் திட்டம் எனப்பட்டது. 1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றவர் அம்பேத்கர். போருக்காகத் தொடங்கிய பயிற்சி 1946 வரை அவருடைய துறையின்கீழ்தான் நடந்தது.

போர் முடிந்ததும் படையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை வேண்டியிருந்தது. 1945-ல் மறுவாழ்வு, வேலைவாய்ப்புக்கென ஓர் இயக்குநரகம் அமைந்து முன்னாள் படைவீரர்களுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தது. பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்கும் அதே பட்டறைகள் திறந்தன. 1950-ல் அவை எல்லா இளைஞர்களுக்கும் உரியவை ஆயின. கைவினைஞர் பயிற்சித் திட்டம் என்ற பெயரில் பிறந்த அந்த ஏற்பாட்டின் பிள்ளைதான் இன்றைய ஐ.டி.ஐ. பி. சிவராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது.

அப்போது சென்னை மாநிலத்தின் முதல்வர் காமராஜர். 1957 முதல் தொழில் துறை ஆர். வெங்கட்ராமன் பொறுப்பில் இருந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. அந்த ஆவடியில் சில ஆண்டுகளிலேயே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-ல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஏற்கெனவே இருந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவை 1960-களின் தொடக்கத்தில் வரிசையாக வந்தன. கிண்டித் தொழிற்பேட்டையைத் தொடர்ந்து 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. வயலும் ஏரியுமாக இருந்த நிலத்தில் லேத்துகள் ஓடத் தொடங்கின. ஓட்டுவதற்கு ஆள் எங்கே என்ற கேள்வி உடனே எழுந்தது.

ஐ.டி.ஐ. மட்டும் அதற்கு விடை ஆகவில்லை. அங்கே ஃபிட்டர் மாணவன் இரும்புக் கட்டியை அரம் போட்டுச் சதுரமாக்கக் கற்கிறான். வாரக்கணக்கில் ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்து, மறுபடி ராவுகிறான். மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கப் பழகுகிறான். இது கைக்கு அடித்தளம்; இதைத் தவிர்த்துவிட்டு எவரும் நல்ல ஃபிட்டர் ஆனதில்லை. ஆனால் ஒரே பாகத்தை ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கில், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல், ரிஜெக்ஷன் வராமல் செய்வது ஆலைக்குள் மட்டுமே கற்கக் கூடியது. நடு இரவில் மெஷின் நின்றால் என்ன செய்வது, இன்ஸ்பெக்ஷன் ஆள் திருப்பி அனுப்பினால் தப்பை எங்கே தேடுவது என்பதையெல்லாம் வகுப்பறை சொல்லித் தராது.

இந்த இடைவெளியை நிரப்பவே 1961-ல் நாடாளுமன்றம் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தை இயற்றியது. 1962 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட தொழில்களில் உள்ள நிறுவனங்கள், தங்களிடம் உள்ள தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் அப்ரண்டிஸ்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு அரசிடம் பதிய வேண்டும். மாத உதவித்தொகை தர வேண்டும்.

சட்டத்தின் நுட்பம் அடிப்படைப் பயிற்சியைப் பங்கிட்ட விதத்தில் இருந்தது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலை தன் செலவில் தனிப் பயிற்சிக் கூடம் வைத்து அடிப்படையைச் சொல்லித் தர வேண்டியிருந்தது. அதைவிடச் சிறிய ஆலைகளின் பிள்ளைகளுக்கு அரசின் நிலையங்கள் அதைச் செய்தன. அதன் பிறகு ஆலை தன் மெஷின்களில் பழக்கியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரும்பாலானவை சிறு பட்டறைகள். பயிற்சிக் கூடம் கட்டும் வசதி அவற்றுக்கு ஏது? அரசும் ஆலையும் ஒன்றையொன்று நம்பி நின்றால்தான் ஓர் இளைஞன் தொழிலாளி ஆவான் என்பதை அந்தப் பங்கீடு முதலிலேயே ஒப்புக்கொண்டது. அரசு–தொழில்துறை கூட்டு என்று இன்று பேசப்படுவதன் வேர் இதுதான்.

அதே சட்டத்தில் ஒரு பலவீனமும் கூடவே பிறந்தது. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்று அது சொல்கிறது. ஆலைப் பாதுகாப்பு விதிகளும் விபத்து இழப்பீடும் அவருக்கு உண்டு. ஆனால் பயிற்சி முடிந்தபின் வேலை தரும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. நேர்மையான ஆலையில், தொழிலாளி அல்லர் என்ற நிலை மாணவனுக்குப் பாதுகாப்பு. உற்பத்தி எண்ணிக்கையால் அவன் அளக்கப்படமாட்டான். மற்ற இடத்தில் இதுவே குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வழி ஆகிவிடும். 1995-ல் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி பெற்ற அப்ரண்டிஸுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் சொன்னது, இந்தக் குறையை ஓரளவு உணர்ந்துதான்.

பிறகு சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. 1973-ல் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் உள்ளே வந்தார்கள். 2014-ல் நிறுவனங்களுக்கான சிறைத் தண்டனை நீங்கி அபராதம் மட்டும் நின்றது. 2016-ல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றது. 2019 விதிகள் 30 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் உள்ள நிறுவனங்களுக்கு அப்ரண்டிஸ் சேர்ப்பைக் கட்டாயமாக்கின.

மறுபக்கம் ஐ.டி.ஐ.க்களும் ஆலைகளை நோக்கி நகர்ந்தன. 2007 முதல் நாடு முழுவதும் 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களுக்குத் தலா 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்து, தொழில்துறையினர் தலைமையில் நிர்வாகக் குழு அமைத்தார்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய் செலவில் நவீனப்படுத்தும் திட்டம் வந்தது. 2023 ஜூலையில் முதல் தொகுதி மையங்கள் திறக்கப்பட்டன. அரம் பிடித்த கைகளுக்கு ரோபோவும் சி.என்.சி.யும் மின்வாகனமும் வந்து சேர்ந்தன.

மெஷின் வாங்குவது இந்தக் கூட்டின் எளிய பாதி; சொல்லித் தருவது கடினமான பாதி. ஜெர்மனியில் மாணவன் வாரத்தில் சில நாள் பள்ளியிலும் மற்ற நாள் நிறுவனத்திலும் கற்கிறான். அங்கே சொல்லித் தருபவரும் சொல்லித் தருவதற்கென்றே பயிற்சி பெற்றுத் தேறியிருக்க வேண்டும் என்று 1969-ன் தொழிற்கல்விச் சட்டத்தின்கீழ் விதி வைத்திருக்கிறார்கள். நம் ஆலைகள் தர வேண்டியதும் அதுவே: அனுபவம் உள்ள ஒரு மேஸ்திரியின் நேரம். இருபது வருடம் லேத்தில் நின்றவர் பக்கத்தில் நின்று, "சத்தத்தைக் கேளுப்பா, டூல் மழுங்கிடுச்சு" என்று சொல்லும் அந்த நேரத்துக்கு எந்தக் கருவியும் ஈடாகாது. உற்பத்தி நெருக்கடி என்று அதைக் கொடுக்காத நிறுவனம், எத்தனை அப்ரண்டிஸ் எடுத்தாலும், பயிற்சி தந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. போரிலும் பிரிவினையிலும் பிறந்து, ஏழைப் பிள்ளைகளைத் தலைநிமிர வைத்த ஓர் ஏற்பாட்டை வெறும் ஆள் கணக்காக்குவது அநியாயம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை அப்ரண்டிஸ் போகிறான், போகிறாள் என்றால் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா? எந்த டிரேடு என்று எழுதியிருக்கிறதா? எத்தனை மாதம்? முடிவில் தேர்வும் அரசுச் சான்றிதழும் உண்டா? நான்குக்கும் பதில் இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். இல்லையென்றால் அந்தப் பதில்களைக் கேட்டு வாங்குங்கள்.