ரைபோசோமின் முதல் அடி: பிம்பிரி மருந்திலிருந்து காசநோய்க் கிருமி வரை

புனே நகரை ஒட்டிய பிம்பிரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் உருவானது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கைகொடுக்க, அடுத்த ஆண்டே அங்கே பென்சிலின் உற்பத்தி தொடங்கிற்று. 1960களில் ஸ்ட்ரெப்டோமைசினும் அங்கிருந்து வரலாயிற்று. பென்சிலின் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் குறிவைப்பதோ புரதம் தயாரிக்கும் ரைபோசோமை. காசநோயாளிகளுக்காக இந்த மருந்து இங்கே பீப்பாய் பீப்பாயாக நொதித்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில்தான், புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் நீண்ட எம்.ஆர்.என்.ஏ இழையில் எந்த இடத்தில் புரதத்தைத் தொடங்குவது என்று ரைபோசோமுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி உலக ஆய்வகங்களில் சூடுபிடித்தது. இழையில் எழுதப்பட்ட ஓர் அடையாளமே தொடக்கத்தை முடிவு செய்கிறது என்பது நெடுநாள் நிலைத்த விடை. அந்த விடை பாதிதான் சரி என்பது என் வாதம். ரைபோசோமின் சிறிய அலகும், அமினோ அமிலம் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏக்களில் தொடக்கத்துக்கென்றே அமைந்த ஒன்றும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும் நிலைதான் தொடக்கம். இழையிலுள்ள அடையாளம் அதற்குத் துணை நிற்கிறது, அவ்வளவே.

அந்த டி.ஆர்.என்.ஏதான் முதலில் பிடிபட்டது. 1964இல் கேம்பிரிட்ஜில் மார்க்கரும் சாங்கரும், ஃபார்மைல் தொகுதி ஒட்டிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ ஒன்றைக் கண்டார்கள். மெத்தியோனினுக்கு இரண்டு வகை டி.ஆர்.என்.ஏ உண்டு, ஒன்று தொடங்குவதற்கு, மற்றது இடையில் சேர்ப்பதற்கு என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. 1969இல் ஜோன் ஸ்டைட்ஸ், ஆர்17 என்ற வைரஸின் ஆர்.என்.ஏவில் ரைபோசோம் பற்றிக்கொள்ளும் துண்டுகளைப் பிரித்து அவற்றின் எழுத்து வரிசையைப் படித்தார். 1974இல் கான்பெராவில் ஷைனும் டால்கார்னோவும் ஈ.கோலை பாக்டீரியாவில் ரைபோசோமின் சிறிய அலகிலுள்ள 16எஸ் ஆர்.என்.ஏவின் கடைசி எழுத்துகளைக் கண்டறிந்தனர்: ஏ-சி-சி-யு-சி-சி-யு-யு-ஏ. தொடக்கக் கோடானாகிய ஏ-யு-ஜிக்குச் சில எழுத்துகள் முன்னால் எம்.ஆர்.என்.ஏவில் வரும் ஏ-ஜி-ஜி-ஏ-ஜி-ஜி போன்ற வரிசை, இதோடு அச்சாகப் பொருந்தியது. மறுஆண்டே ஸ்டைட்ஸும் ஜேக்ஸும் அந்தப் பிணைப்புக்கு நேரடிச் சான்று தந்தார்கள். எளிமையும் அழகும் சேர்ந்த விளக்கம் என்பதால், அதுவே பாடநூல்களில் தொடக்கத்தின் முழுக் கதையாக அமர்ந்துவிட்டது.

அந்தக் கதை முழுமை பெறுவதற்கு முன்பே அதற்கு ஒவ்வாத ஒரு சான்றை ஸ்ட்ரெப்டோமைசின் தந்திருந்தது. இம்மருந்து ரைபோசோமை எழுத்துகளைத் தவறாகப் படிக்க வைக்கிறது என்பது 1964லேயே தெரியும். 1968இல் லுசாட்டோ, அபிரியோன், ஷ்லெசிங்கர் மூவரும், மருந்து பட்ட பாக்டீரியாவில் ரைபோசோம்கள் தொடக்க இடத்திலேயே செயலற்றுத் தேங்குவதைக் காட்டினார்கள். இதற்குள் ஒரு பழைய புதிரின் விடை இருந்தது. மருந்துக்குப் பணியும் மரபணுவும் பணியாத மரபணுவும் ஒரே செல்லில் இருந்தால், பாதி ரைபோசோம்கள் நலமாக இருந்தும் செல் மருந்துக்குப் பணிந்தே போகிறது. ஏன்? வாலஸும் டேவிஸும் 1973இல் விளக்கினார்கள்: மருந்து பிடித்த ரைபோசோம் தொடக்க இடத்தில் சென்று அமர்கிறது, நகர முடியாமல் கழன்று விழுகிறது, மீண்டும் போய் அமர்கிறது. நிறுத்தத்தில் பழுதாகி நிற்கும் பேருந்து பின்னால் வருபவற்றையும் மறிப்பதுபோல, அது நல்ல ரைபோசோம்களுக்கு இடம் விடுவதில்லை. சரியான இடத்தைக் கண்டுபிடித்தும் தொடங்க முடியாத ரைபோசோம் இது. இடமறிதல் வேறு, தொடங்குதல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு 2000இல் சிறிய அலகின் அணு அமைப்பை வெளியிட்டபோது, ஸ்ட்ரெப்டோமைசின் 16எஸ் ஆர்.என்.ஏவின் நான்கு இடங்களையும் எஸ்12 புரதத்தையும் ஒருசேரப் பற்றியிருப்பது கண்ணால் காணும்படி ஆயிற்று. ஷைன்–டால்கார்னோ பிணைப்பு நடக்கும் முனையில் அது அமர்வதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1987இல் ஹுய்யும் டி போயரும் 16எஸ் ஆர்.என்.ஏவின் முனையை மாற்றி எழுதி, அதற்கு இணையான வரிசையை மனித வளர்ச்சி ஹார்மோனின் எம்.ஆர்.என்.ஏவிலும் வைத்தார்கள். மாற்றப்பட்ட ரைபோசோமே அந்த ஹார்மோனைத் திறம்படத் தயாரித்தது. பிணைப்பு முக்கியமில்லை என்று இதன் பிறகு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. எவ்வளவு புரதம் என்பதை அது பெரிதும் தீர்மானிக்கிறது. ஆனால் எங்கே தொடங்குவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறதா? 2020இல் சைட்டோ, கிரீன், பஸ்கிர்க் ஆகியோர் இதே உத்தியால் மாற்றிய ரைபோசோம்களை ஈ.கோலையின் மரபணுத் தொகுதி முழுவதிலும் பின்தொடர்ந்தார்கள். பிணைப்புக்கு வழியில்லாதபோதும் அவை பெரும்பாலும் சரியான ஏ-யு-ஜியிலேயே தொடங்கின.

அப்படியானால் சரிபார்ப்பது எது? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உமேஷ் வர்ஷ்னியின் ஆய்வுகள் இங்கே முக்கியமாகின்றன. தொடக்க டி.ஆர்.என்.ஏவின் தண்டில் அடுத்தடுத்து மூன்று ஜி–சி இணைகள் உண்டு. ரைபோசோம் அதை அடையாளம் காண்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு. ஈ.கோலையில் இந்த டி.ஆர்.என்.ஏவுக்கு நான்கு மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றைக் குறைத்து அதன் அளவைச் சரியவிட்டபோது, அந்த மூன்று இணைகள் இல்லாத டி.ஆர்.என்.ஏக்களும் தொடக்க வேலைக்குள் நுழைந்துவிட்டன என்று 2011இல் அவர் குழு காட்டியது. இழையில் ஓர் எழுத்தும் மாறாமலேயே தொடக்கத்தின் கட்டுப்பாடு தளர்ந்தது. இந்தச் சோதனைக்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

ஷைன்–டால்கார்னோ பிணைப்பு இல்லாமல் தொடங்குவது ஈ.கோலையில் விதிவிலக்கு போலத் தெரியலாம். அதுவே, பிம்பிரி மருந்து யாரை எதிர்க்கப் புறப்பட்டதோ அந்தக் கிருமியில் அன்றாட வழக்கம். காசநோய் பாக்டீரியாவின் எம்.ஆர்.என்.ஏக்களில் ஏறத்தாழ கால்பங்குக்கு, தொடக்கக் கோடானுக்கு முன்னால் வரும் முன்பகுதியே இல்லை என்று 2013இலும் 2015இலும் வந்த ஆய்வுகள் காட்டின. ஷைன்–டால்கார்னோ வரிசைக்கு அங்கே இடமே கிடையாது. இழையின் முனையில் ஏ-யு-ஜியோ ஜி-யு-ஜியோ இருந்தால் போதும், புரதம் தொடங்கிவிடும். இத்தகைய இழைகளை, சிறிய அலகும் பெரிய அலகும் பிரியாத முழு 70எஸ் ரைபோசோமே நேராக ஏற்கவும் கூடும் என்பது ஈ.கோலைச் சோதனைகளில் 2004லேயே தெரிந்தது. முன்பகுதியற்ற இழை அரிதான விநோதம் என்ற பழைய மறுப்பு இதோடு வலுவிழக்கிறது.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்பங்கினர் வாழும் நாடு இது. புரதத் தொடக்கத்தைத் தடுக்கும் புதிய மருந்துகளைத் தேடுவோர் ஈ.கோலை ரைபோசோமையும் ஷைன்–டால்கார்னோ இழையையும் மட்டும் வைத்துச் சோதித்தால், கிருமியின் கால்பங்கு மரபணுக்கள் சோதனைக்கு வெளியிலேயே நின்றுவிடும். காசநோய்க் குடும்பத்து பாக்டீரியாவின் சொந்த ரைபோசோமும் முன்பகுதியற்ற இழையும் அந்தச் சோதனையில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.