கல்லூரி ஆசிரியர் பயிற்சி

ஒரு துறையைக் கற்றுத் தேர்ந்தவருக்கு, அதை மாணவருக்குப் புரியும்படி கற்பிக்கவும் பழக்கும் ஏற்பாடு கல்லூரி ஆசிரியர் பயிற்சி. இந்தியாவில் இது நெடுங்காலம் வேலைக்குச் சேர்ந்த பிறகே கிடைத்தது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க பி.எட். வேண்டும். ஆனால் கல்லூரி உதவிப் பேராசிரியராக முதுகலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது செட் என்னும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் போதும். நெட் முதல் தாளில் கற்பித்தல் பற்றிச் சில கேள்விகள் வரும். வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்வதில்லை.

இக்குறையைப் போக்க, 1986 தேசியக் கல்விக் கொள்கையை அடுத்துப் பல்கலைக்கழக மானியக் குழு ‘அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்’களைத் தொடங்கியது. புதியவர்களுக்கு நான்கு வார ஓரியண்டேஷன் (அறிமுகப் பயிற்சி), மற்றவர்களுக்கு மூன்று வார ரிஃப்ரெஷர் (புத்தாக்கப் பயிற்சி) என்று வகுத்தது. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய மையம் இயங்கியது. 2015-இல் இவை மனிதவள மேம்பாட்டு மையங்களாயின. 2023 முதல் மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வருகின்றன. பதவி உயர்வுக்கு இப்பயிற்சியின் சான்றிதழ் தேவை என்பதால் பலர் சான்றிதழுக்காகவே வந்தார்கள். பயிற்சி முடித்தவரின் வகுப்பு மாறியதா என்று போய்ப் பார்க்கும் வழக்கம் வேரூன்றவில்லை. இதுவே இத்திட்டத்தின் பெருங்குறை.

கல்லூரியின் தரத்தை அளக்கும்போதும் கற்பித்தல் கணக்கில் வருகிறது. பெங்களூர் நாகரபாவியில் உள்ள, 1994-இல் நிறுவப்பட்ட ‘நாக்’ தரமதிப்பீட்டு அமைப்பு, 2017-இல் வகுத்த முறையில் இணைப்புக் கல்லூரிகளுக்கான 1,000 மதிப்பெண்ணில் 350-ஐக் கற்பித்தல், கற்றல், மதிப்பீட்டுக்கு ஒதுக்கியது.

நல்ல பயிற்சி வகுப்பறையில் என்ன செய்யும்? ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களில் பரப்பிய முறையைப் பார்க்கலாம். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் எவ்வளவு? விடைக்குக் கை தூக்கச் சொன்னால் பலர் சுழியம் என்பார்கள். ஆசிரியர் விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்கிறார். பிறகு மறுபடி கை தூக்கச் சொல்கிறார். புவியீர்ப்பு அங்கேயும் விடாமல் இழுக்கிறது என்பது பேச்சிலேயே பலருக்குப் பிடிபட்டுவிடும். வணிகவியலில் ஓர் ஐந்தொகையை வைத்தும், வரலாற்றில் ஒரு கல்வெட்டை வைத்தும் இதைச் செய்யலாம். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த கட்டுரை, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சுமார் 34 விழுக்காட்டினரும், மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 22 விழுக்காட்டினரும் தோற்றதாகக் கண்டது.

பெங்களூர் விவேக் நகர் போன்ற இடங்களிலிருந்து வரும் மாணவருக்கு இம்முறை இரட்டிப்புப் பயன் தரும். அங்கே வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். குழந்தை இயேசு ஆலயத்தில்கூட தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் திருப்பலி. கல்லூரி விரிவுரையோ ஆங்கிலத்தில் மட்டும். எழுந்து நின்று கேட்கத் தயங்கும் பிள்ளை, பக்கத்துப் பெஞ்சுத் தோழியிடம் தமிழில் தாராளமாகக் கேட்கும்.

முனைவர் பட்ட ஆய்வாளர் எத்துறையினராயினும் கற்பித்தல், எழுத்து சார்ந்த பயிற்சி பெற வேண்டும் என்று மானியக் குழுவின் 2022 விதிகள் கூறுகின்றன. நெட் மட்டும் முடித்து வகுப்புக்குள் நுழைபவருக்கும், வேலையில் அமரும் முன்பே இப்பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும்.