நாரந்தனையும் ஒற்றிக்காணியும்

நாரந்தனை, சரவணை, கரம்பொன் போன்ற யாழ்ப்பாணத் தீவக ஊர்களில் காணி எளிதில் கைமாறாததற்கு, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைக் குறை கூறுவது வழக்கம். அதன்படி, விற்க நினைப்பவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்க வேண்டும். அதனால் வெளியார் ஒதுங்க, விலை இறங்கும். இக்குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. ஆனால் சந்தையை விற்பனையால் மட்டும் அளப்பவர்கள், அதே தேசவழமை வளர்த்த ஒற்றி என்ற ஈட்டு முறையைக் காணத் தவறுகிறார்கள். யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் தொகுத்து, தமிழ் முதலியார்கள் பன்னிருவர் பார்த்து ஒப்பிய அந்த வழக்காறுகளை ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கினர். 1806இல் ஆங்கிலேயரும் ஏற்றுக்கொண்டனர். ஒற்றியில் பணம் கொடுத்தவர் காணியைக் கையேற்று ஆள்வார். விளைச்சலே அவருக்கு வட்டி. மீட்கும் காலமும் பயிரின் அறுவடையை ஒட்டியே அமையும். மாரி மழையை நம்பிய நெல்லும் பனையும்தான் இவ்வூர்களின் முக்கிய விளைச்சல். மழை பொய்த்த ஆண்டில் வட்டிக்கடன் வாங்கியவருக்குக் கடன் ஏறும். ஒற்றி வைத்தவருக்கு ஏறாது. அந்த ஆண்டின் நட்டம் பணம் கொடுத்தவரைச் சேரும். ஆபத்தைப் பகிரும் இந்த ஏற்பாடு, காப்புறுதி நிறுவனம் எதுவும் இல்லாத காலத்தில் பெரிய காரியம். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைக்கப் புறப்பட்ட தீவாருக்கு, முதுசத்தை இழக்காமல் முதல் திரட்ட இது ஒரு வழியாகவும் இருந்தது.

உறவுக்குள் சுழலும் பணம் சிறந்த கைக்குப் போய்ச் சேராது என்பது ஒற்றிக்கு எதிரான வலுவான மறுப்பு. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: சமூகப் பணம் தாராளமாகக் கிடைத்த கவுண்டர்கள் கூடுதலாக முதலிட்டார்கள்; குறைந்த முதலோடு வந்த வெளியாரின் உற்பத்தியோ வேகமாக வளர்ந்து அவர்களை முந்தியது. ஒற்றிக்கு இது முழுதாகப் பொருந்தாது. காணியே கையில் இருப்பதால் கடன் கொடுப்பவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. நம்பிக்கையின் இடத்தை நிலம் நிரப்புகிறது. ஆனால் இன்னொரு மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. இதே தேசவழமைத் தொகுப்புத்தான் கோவியர், நளவர், பள்ளர் ஆகிய சாதியினரை அடிமைகளாகவும் வகுத்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். காணி இல்லாதவருக்கு ஒற்றி எந்த வாசலையும் திறக்கவில்லை. சிலரின் வளர்ச்சியை ஊரின் வளர்ச்சி என்று எழுதிவிடக் கூடாது.

இன்று இவ்வூர்களின் காணிகள் பற்றைக்காடாகக் கிடப்பதற்கு, தேசவழமையைவிட, 1990களின் தொடக்கத்தில் போரால் நடந்த இடப்பெயர்வே முதற்காரணம். உரிமையாளர் ஊரில் இல்லாதபோது ஒற்றியோ விற்பனையோ எளிதில் நடக்காது. பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவருக்கே காணி சேரும் என்ற ஆட்சியுரிமைச் சட்டம், திரும்பி வர முடியாதவர்களை அச்சுறுத்தியது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கிடாதபடி விலக்களித்தது. ஆனால் பங்காளர் பலரும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறியிருக்கும் பிரிக்கப்படாத காணியை அச்சட்டத்தால் பிரிக்க முடியாது. அதற்கு எல்லோரும் உடன்பட்டு உறுதி முடிக்க வேண்டும், அல்லது பிரிவினை வழக்கை ஒருவர் தொடுத்து ஆண்டுக்கணக்கில் நடத்த வேண்டும்.