காசுக்கடையில் கரையேறிய பொன்

சங்கத் தொகை நூல்களைப் பாடிய புலவர்களின் பெயர்ப் பட்டியலைப் புரட்டுவோர் கண்ணில் ஒரு தொழிற்பெயர் மீண்டும் மீண்டும் படும். வடம வண்ணக்கன் தாமோதரனார், வண்ணக்கன் சோருமருங்குமரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் எனப் பலர் அப்பெயரைத் தாங்கியுள்ளனர். வண்ணக்கன் என்பான் காசு நோட்டம் பார்ப்பவன். பொன்னின் மாற்றையும் நாணயத்தின் மெய்ம்மையையும் ஆய்ந்து சொல்பவன். பகலில் பிறர் காசை உரைத்துப் பார்த்த கைகளே அகப்பாட்டும் புறப்பாட்டும் புனைந்தன எனின், தமிழ்க் கவிதைக்கும் காசுக்கடைக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று.

காசுக்கடை என்னும் சொல்லே நம்மிடம் பழையது. சிதம்பரம் போன்ற ஊர்களில் அப்பெயரில் தெருவே உண்டு. நாணயம் மாற்றுதல், பொன் வாங்குதல், அடகு பிடித்தல் ஆகிய மூன்றும் ஒரே திண்ணையில் நடந்த காலத்தின் எச்சம் அது. இன்று சென்னையில் பழங்காசு விற்கும் சிறு கடைகள் நகைக் கடைகளின் நிழலில் ஒதுங்கி நிற்கின்றன. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு சிறு தராசு, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஓர் உரைகல். அவ்வளவே அவற்றின் முதல். 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களுக்கு நடுவே பழங்காசுகளும் குவிந்து கிடந்ததை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். தமிழக வரலாற்றின் சில பக்கங்கள் இத்தகைய கடைகளின் வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அதைவிடப் பல பக்கங்கள் இவற்றை எட்டாமலே உருகிப்போயின.

தியாகராய நகரின் பனகல் பூங்காவைச் சுற்றி நாள்தோறும் பொன் விலை கேட்போர் 'சவரன் என்ன விலை?' என்றே கேட்கின்றனர். எட்டுக் கிராம் என்னும் நிறைக்கு நாம் வழங்கும் இச்சொல் இங்கிலாந்தின் 'சாவரின்' என்னும் பொற்காசின் பெயர். காசு புழக்கத்திலிருந்து போயிற்று. பெயர் மட்டும் தமிழாகி நின்றுவிட்டது. இதில் ஒரு வியப்பும் உண்டு. அகஸ்டஸ் காலத்து ரோமப் பொற்காசின் நிறையும் ஏறத்தாழ அதுவே. எட்டுக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனர் கலங்கள் மிளகோடு திரும்பிய செய்தி அகநானூற்றில் உள்ளது. அக்கலங்களில் வந்திறங்கிய ஒவ்வொரு காசும் இக்காலக் கணக்கில் ஏறக்குறைய ஒரு சவரன்.

இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி புலம்பினார். அந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை; ஒழுக்கம் போதிக்க வந்தவர் தொகையைக் கூட்டிச் சொல்வது இயல்பே. ஆயினும் மண் அவருக்குச் சான்று பகர்கிறது. புதுக்கோட்டைச் சீமையிலுள்ள கருக்காக்குறிச்சியில் 1898-இல் ஒரு பானை கிடைத்தது. அதனுள் 501 ரோமப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் கடைசியானவை வெஸ்பாசியன் காலத்தவை. அறிஞரை இன்றளவும் மயக்குவது தொகையன்று; அக்காசுகளிற் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருப்பதே. வெளிப்பூச்சுக் காசா எனச் சோதிக்க வெட்டினார்களா? இனி இது காசன்று, வெறும் பொன் என அறிவிக்க வெட்டினார்களா? இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. சோதிப்பதற்கு விளிம்பில் ஒரு கீறல் போதும். முகத்தைத் தேடி வெட்ட வேண்டியதில்லை. எவ்வாறாயினும், அயலான் நாணயத்தைப் பார்த்தவுடன் அதைப் பொன்னாக மட்டும் காணும் பழக்கம் இந்நாட்டில் இரண்டாயிரம் ஆண்டு மூப்புடையது என்பதற்கு அவ்வெட்டுகளே எழுத்தில்லாக் கல்வெட்டு.

மாம்பலமும் இக்கதைக்கு வெளியே நிற்கவில்லை. நெடிய ஏரியின் படுகையைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. அந்த மாம்பலப் பகுதியில் கிடைத்த புதையலொன்றில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகள் இருந்தன. அவற்றோடு அகஸ்டஸின் வெள்ளிக் காசு ஒன்றும் கலந்திருந்தது. இன்று நாட்டின் பெரும் பொன் வாணிகம் நடைபெறும் தெருக்களுக்கு அருகிலேயே ரோமப் பேரரசனின் முகம் புதைந்து கிடந்தது என்பதை அங்கே நகை வாங்கச் செல்வோர் அறியார்.

அது வெள்ளியாதலால் பிழைத்தது எனவும் சொல்லலாம். பொன்னின் ஊழ் வேறு. செம்புக் காசைக் கண்டெடுப்பவன் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போடுகிறான். உருக்கினாலும் பெரிய ஊதியமில்லை என்பதால் அது அங்கேயே சில காலம் கிடக்கிறது. பொற்காசைக் கண்டெடுப்பவனோ அன்றிரவே உலைக்கு ஓடுகிறான். பேராசை மட்டும் இதற்குக் காரணமன்று, சட்டமும் காரணம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எப்பொருள் மண்ணில் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும். உரிமையாளர் எவரும் இல்லையெனில் கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்கு உடையவனுக்குக் கால் பங்கு. அரசே வைத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் விலையும் அதற்கு மேல் ஐந்திலொரு பங்கும் தரும். சட்டம் நேர்மையானதே. ஆனால் காசின் அருமைக்கு அதில் விலை இல்லை. உலோக விலைக்கு வாங்க அடகுக்காரர் தெருமுனையிலேயே இருக்கும்போது, விசாரணையும் வழக்கும் வாய்தாவும் தாங்கி ஐந்திலொரு பங்குக்காக எந்தக் கூலியாள் ஆட்சியர் அலுவலகப் படியேறுவான்? பின்னர் வந்த 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், வணிகர்க்கு உரிமம் வேண்டும் என்றும் பழம்பொருள் நாடு கடக்கலாகாது என்றும் விதித்தது. கடைக்காரர் 'எங்கே கிடைத்தது?' என்று கேட்பதை விட்டுவிட்டார். விற்பவனும் சொல்வதை விட்டுவிட்டான்.

இழப்பின் ஆழம் இங்கேதான். நாணயவியலாருக்குக் காசைவிட அது கிடைத்த இடம் பெரிது. எந்த ஊர், எந்தப் பானை, உடனிருந்த காசுகள் எவை என்பன தெரிந்தால் ஒரு காசு வணிக வழியைச் சொல்லும். ஆட்சி எல்லையைச் சொல்லும். கடையில் தனியே கிடக்கும் காசோ தன் பெயரை மட்டும் சொல்லும். எனவே காசுக்கடையைக் காப்பகம் என்று போற்றுவதும் கொள்ளைக்கூடம் என்று தூற்றுவதும் ஒருசேர எளிது. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

போற்றுவோர் பக்கத்துக்கு வலிமையான சான்று ஒன்று உண்டு. சங்க கால வேந்தர் காசு வெளியிட்டனரா என்பதே 1980-கள் வரை ஐயத்துக்குரியதாக இருந்தது. தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி மதுரையில் வாங்கிய பழங்காசுகளைத் தூய்மை செய்து பார்த்தபோது, சதுரச் செப்புக் காசு ஒன்றில் 'பெருவழுதி' என்ற பெயர் தமிழ்-பிராமி எழுத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் மீன் சின்னம். அகழாய்வாளர் கொத்தில் அகப்படாத பாண்டியன், விலைகொடுத்து வாங்கிய சிறு பொட்டலத்தில் அகப்பட்டான். பின்னர்க் கரூர் அமராவதி ஆற்று மணலை அரிப்போர் வழியாக வந்த காசுகளில் மாக்கோதை, குட்டுவன் கோதை முதலிய சேரர் பெயர்களும் வெளிப்பட்டன. மாக்கோதையின் வெள்ளிக் காசில் ரோம நாணயங்களைப் போன்றே அரசனின் முகம் இருக்கிறது. இவற்றையெல்லாம் தொகுத்து அவர் 1997-இல் சங்க காலத் தமிழ்க் காசுகள் பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டார், 2021-இல் மறைந்தார். ஆற்று மணலில் எடுத்தவை எந்த மண்ணடுக்கைச் சேர்ந்தவை எனக் கேட்ட ஆய்வாளரின் கேள்வி முறையானதே. ஆயின், எடுக்காமல் விட்டிருந்தால் கேள்விக்கே இடமிருந்திராது.

சென்னைக் கடைகளில் இன்றும் தலைகாட்டக்கூடிய பொற்காசு வராகன். பன்றி முகத்தோடு அச்சிட்ட விசயநகர, சாளுக்கிய மரபின் பெயரைச் சுமந்த இக்காசை ஐரோப்பியர் 'பகோடா' என்றனர். செயிண்ட் ஜார்ஜ் கோட்டையில் கும்பினியார் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே வராகன் அடித்தனர். பெருமாளும் தேவியர் இருவரும் நிற்கும் மூன்று சுவாமி வராகனும், பின்புறம் நட்சத்திரம் பொறித்த வராகனும் அவற்றுள் பெயர்பெற்றவை. சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-இல் ரூபாய் நிலைபெற்றதும் இக்கணக்கு முறை ஒழிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அடித்த அரை வராகன் வெள்ளிக் காசில் ஒருபுறம் கோயிற்கோபுரம், மறுபுறம் திருமால். சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு. சமயப்பணியாளர் பலர் முகஞ்சுளித்த உருவத்தை வணிகத்துக்காகக் கும்பினி தன் காசில் தயங்காமல் வைத்துக்கொண்டது. மயிலாப்பூரின் சாந்தோம் பெயரும் பொன்னில் ஏறியதுண்டு. போர்த்துக்கீசியர் கோவாவில் 16-ஆம் நூற்றாண்டில் அடித்த பொற்காசுக்குப் புனித தோமையார் பெயரே வழங்கிற்று.

திருவானைக்கா அகிலாண்டேசுவரி உடனுறை சம்புகேசுவரர் கோயிலில் 2020 பிப்ரவரியில் மண்ணைத் தோண்டியபோது ஒரு கலத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. மொத்த நிறை 1.716 கிலோ. வகுத்துப் பார்த்தால் காசொன்றுக்கு ஏறத்தாழ 3.4 கிராம் வரும். வராகனின் நிறையும் அதுவே. பலர் கண் முன்னே கோயில் வளாகத்தில் கிடைத்ததால் அத்தனையும் எண்ணிக்கையோடு அரசிடம் சேர்ந்தன. வயலிலோ வீட்டு அடித்தளத்திலோ கிடைத்திருந்தால் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதைக் காசுக்கடைக்காரரே அறிவார்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயச் செல்வமும் இவ்வாறு முழுதாய் வந்து சேர்ந்த புதையல்களால்தான் வளர்ந்தது. 1946-இல் கோதாவரிக் கரையில் தவளேசுவரத்தில் கிடைத்த 127 பொற்காசுகளில் கங்கைகொண்ட சோழன் என்னும் பெயர் பொறித்தவையும் உண்டு. பானையோடு கிடைத்ததால், கீழைச் சாளுக்கியரும் சோழரும் ஒரே குடத்தில் கலந்திருந்த காட்சியும் நமக்குக் கிடைத்தது.

அதற்கு முந்திய சோழப் பொற்காசு ஒன்று உண்டு; உண்டு என்பதைவிட, இருந்தது என்பதே சரி. சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய வால்டர் எலியட், ஏறக்குறையப் பார்வை இழந்த முதுமையில் தென்னிந்தியக் காசுகள் பற்றித் தம் நூலை எழுதுவித்தார். அதில் உத்தம சோழன் பெயர் தாங்கிய பொற்காசு ஒன்றின் கோட்டுப் படம் உள்ளது. இராசராசனுக்கு முந்திய சோழன் ஒருவனின் பொன் அது. மூலக் காசு பின்னர்க் காணாமற்போயிற்று. ஆய்வாளர் இன்றும் அந்தக் கோட்டுப் படத்தையே எடுத்துக்காட்டி வருகின்றனர்.