ஐ.ஜி. சம்பளத்தை யார் முடிவு பண்ணினது?

சட்டமன்றத்தில் போலீஸ் மானியக் கோரிக்கை விவாதம் நடப்பதை டிவியில் பார்த்திருப்பீங்க.

வெள்ளைக்காரன் காலத்திலும் அது நடந்தது. ஆனால் போலீஸ் தலைவரான ஐ.ஜி.யின் சம்பளத்தில் மட்டும் ஒரு ரூபாயைக்கூட உறுப்பினர்களால் குறைக்க முடியாது.

ஏன்? வாங்க பார்ப்போம்.

முதலில் கீழ்த்தட்டு. 1902-03இல் ஆய்வு செய்த ஃப்ரேசர் கமிஷன், கான்ஸ்டபிளுக்குக் குறைந்தபட்சம் மாதம் 8 ரூபாய் வேணும்னு பரிந்துரைத்தது. அப்போ அதற்கும் கீழே வாங்கினவங்க இருந்தாங்கன்னு புரியுதா?

அடுத்து 1919 சட்டம். மாகாண சட்டசபைக்கு பட்ஜெட்டில் ஓட்டுப் போடும் உரிமை வந்தது. கான்ஸ்டபிள் சம்பளத்துக்கு ஓட்டுப் போடலாம். சபை வெட்டினாலும், அவசியம்னு சொல்லி கவர்னர் அதைத் திரும்பச் சேர்க்கலாம்.

ஐ.ஜி. போன்ற உயரதிகாரிகளை நியமித்தது லண்டனில் இருந்த இந்தியா மந்திரி. அவங்க சம்பளமும் பென்ஷனும் ஓட்டுக்கே வராது!

என் துறையும் விதிவிலக்கு இல்லைங்க. இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் டாக்டர்களும் இதே வேலிக்குள் பத்திரமாக இருந்தாங்க.

1924இல் லீ கமிஷன், ஐரோப்பிய அதிகாரிகளுக்குச் சம்பள உயர்வும், ஊர் போய் வரக் கப்பல் செலவும் தரச் சொன்னது. மத்திய சட்டசபையில் மோதிலால் நேரு கொண்டுவந்த எதிர்ப்புத் திருத்தம் ஜெயித்தது. என்ன பிரயோஜனம்? பெரும்பாலான பரிந்துரைகளை அரசு அமல்படுத்தியது.

1931 கராச்சி காங்கிரஸ், அரசு ஊழியர் சம்பளம் பொதுவாக 500 ரூபாயைத் தாண்டக் கூடாதுன்னு தீர்மானம் போட்டது. 1937இல் சென்னையில் ராஜாஜி ஆட்சிக்கு வந்தார். காங்கிரஸ் மந்திரிகள் 500 ரூபாய்தான் வாங்கினாங்க.

அவங்களுக்குக் கீழே இருந்த ஐ.ஜி.க்கு? அதைவிடப் பல மடங்கு. 1935 சட்டமும் அந்தச் சம்பளத்தை ஓட்டுக்கு வெளியேதான் வைத்திருந்தது.

இது வெறும் பணச் சண்டை இல்லைங்க. உங்க சம்பளத்தை யார் முடிவு பண்றாங்களோ, அவங்களுக்குத்தானே நீங்க பதில் சொல்வீங்க? ஊர்வலத்தில் லத்தி அடி வாங்கினது இந்த ஊர் ஜனம். சம்பளப் பணமும் அந்த ஜனத்தின் வரிதான். கேள்வி கேட்கும் உரிமை மட்டும் லண்டனில் இருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு, அந்தப் பழைய அதிகாரிகளுக்குத் தந்த சம்பள உத்தரவாதத்தைக் காப்பாத்தணும்னு வாதாடினவர் சர்தார் பட்டேல். பயமில்லாமல் உண்மையைச் சொல்லும் அதிகாரி நாட்டுக்கு வேணும் என்பது அவர் கட்சி. அப்படித்தான் அரசியலமைப்பில் 314வது பிரிவு வந்தது. 1972இல் 28வது திருத்தம் அதை நீக்கியது.

பட்டேல் சொன்னதிலும் நியாயம் இருக்கு. ஆனால் அதிகாரிக்குப் பாதுகாப்பு கொடுப்பது வேற, மக்களிடமிருந்தே அவரைப் பாதுகாப்பது வேற.

அடுத்த முறை மானியக் கோரிக்கை விவாதம் ஓடும்போது சேனலை மாத்தாதீங்க. நம்ம தாத்தா காலத்தில் கிடைக்காத உரிமை அது.